தொங்கலுக்கு மொட்டை போட்டவர்

போன வாரம் பார்சலில் வந்த பிரேஸ்லெட்டை நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிலா, ஒரு பூட்டு, ஒரு பூனை, ஒரு பீட்சாத் துண்டு என்று சங்கிலி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, இது சார்ம் பிரேஸ்லெட். இப்பதான் புதுசா வந்திருக்குது" என்றாள் சின்னவள். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் பத்துக் கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த பிரேஸ்லெட் புதுசு இல்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் இந்த ஊருக்கு அது ஒரு தடவை வந்து, ஆட்டம் போட்டுவிட்டு, அடங்கிப் போயிற்று. அது வந்ததையும் போனதையும் நம் தெருவில் எல்லோருக்கும் முன்பாகத் தெரிந்துகொண்டவர் ஒருவர். அவர் நகைக்கடைக்காரர் இல்லை. பட்டுச்சேலையில் இழுத்துப்போன இழையைச் சரிசெய்து கொடுக்கிறவர். 'இழை மாமா' என்போம். அவருடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. தான் கைவைத்த இடம் எது என்றே யாருக்கும் தெரியக்கூடாது என்று வேலை செய்தவர் அவர். பெயரை மட்டும் ஊருக்குச் சொன்னால் சரியாக இருக்காது. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் நீங்கள் பார்சல் பிரிக்கும்போதே வாசலில் வந்து நின்றிருப்பார்.

பட்டுச்சேலை ஓர் ஆணியிலோ கொக்கியிலோ மாட்டினால் இழை வெளியே வந்து வளையமாகத் தொங்கும். அப்படியே பிடித்து இழுத்தால் போச்சு, சேலையில் ஒரு கோடு விழுந்துவிடும். மாமா ஊசி முனையால் அந்த வளையத்தைத் தொட்டுத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் உள்ளே அனுப்புவார். தூங்குகிற குழந்தையின் கைக்கடியிலிருந்து பொம்மையை எடுப்பது மாதிரி இருக்கும். இழை அறுந்தே போயிருந்தால், அதே சேலையின் உள்ளோரத்திலிருந்து ஓர் இழையை உருவி அந்த இடத்தில் ஓட்டுவார். குள்ளமான ஆள், வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. வலது கைக் கட்டைவிரலில் எப்போதும் ஒரு பட்டுத் துண்டைச் சுற்றியிருப்பார். எதைப் பார்த்தாலும் அந்த விரலால் தடவுவார். மேசை ஓரம், கதவுத் தாழ்ப்பாள், பூனையின் கால், எல்லாவற்றையும் தடவுவார். பட்டில் பிடித்தால், "இது இழுக்கும்" என்பார். பையில் ஒரு சின்ன அரம் வைத்திருப்பார். உடனே எடுத்து ராவிவிடுவார்.

இங்கேதான் வேடிக்கை. சேலையில் இழை இழுத்தால்தான் அவருக்குச் சோறு. ஆனால் இழை இழுப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. குடை ரிப்பேர் செய்கிறவர் மேகத்தைப் பார்த்து "வராதே, போ" என்று கையை ஆட்டினால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஆள்.

ஒரு தடவை செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முகூர்த்த நாள். பஸ் முழுக்கப் பட்டுச்சேலை. ஒரு சீட்டின் ஓரத்தில் தகரம் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"யாரும் உக்காராதீங்கமா! கிட்ட வராதீங்க!"

பாம்போ என்று நினைத்து நாலு பெண்கள் அலறினார்கள். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா பெரியவரே, இன்னா பிரச்சனை?"

"தகரம் நீட்டிக்கினு இருக்குதுபா."

"உன் வேட்டியப் புடிச்சுதா?"

"என் வேட்டிய வுடுபா. இந்தம்மா கட்டியிருக்கற சேலையைப் பாரு. முந்தி மட்டும் நாலு நாள் வேலை. இதுல உக்காந்தா எந்திரிக்கும்போது அது பஸ்ஸோட போயிடும்."

சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார். இரண்டு ஸ்டாப்பிங் தாண்டியும் ராவிக்கொண்டே இருந்தார். இருபது பெண்கள் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்கள். தான் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டார். "அப்படியே டிப்போவுக்கு வந்துடு பெரியவரே, நூத்திப்பத்து பஸ் நிக்குது" என்றார் கண்டக்டர். மாமா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்தக் கிழமை வரட்டும்பா?" என்று கேட்டார்.

இதைக் கேள்விப்பட்டு அவர் மனைவி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"ஊர்ல இருக்கற ஆணியெல்லாம் நீயே மடக்கிட்டா நம்ம வூட்டுக்கு எவ வருவா?"

"வரலன்னா நல்லதுதானமா. சேலை நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"சேலை நல்லா இருக்கும். நாம?"

அந்த அம்மா விளக்கேற்றும்போது, "முருகா, இந்த முகூர்த்தத்துக்காவது நாலு ஆணிய நிமித்தி வுடுப்பா" என்று வேண்டிக்கொள்வதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு திறமை இருந்தது. இப்போது ஊரில் எது ஃபேஷன் என்று இழுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். இடுப்பில் இழுப்பு வந்தால், கல் வைத்த ஒட்டியாணம் வந்திருக்கிறது. முதுகில் வந்தால், பிளவுஸில் மணி கோக்கிறார்கள். வலது இடுப்புக்குக் கீழே வந்தால், ஜிப் வைத்த கைப்பை. அவர் அந்தக் கடைகளுக்குப் போனதே கிடையாது. சேலைகள் வந்து அவரிடம் சொல்லிவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி கடை வைத்திருந்தவர் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போவதற்கு முன்னால் மாமாவிடம் வந்து உட்காருவார். "இந்த மாசம் எங்கண்ணே இழுக்குது?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டி ஏறுவார்.

ஒரு தை மாதம் வினோதமான இழுப்பு வர ஆரம்பித்தது. இடது தோளுக்குப் பின்னால். அந்த இடத்தில் சேலை கட்டியவளின் நகை எதுவும் படாது. ஆணியும் அத்தனை உயரத்தில் வராது. ஒரே மாதத்தில் ஏழு சேலை, எல்லாம் தோளில். மாமா சோறு சாப்பிடாமல் யோசித்தார். பிறகு ஒருத்தியிடம் கேட்டார்.

"ஏம்மா, கல்யாணத்துல உன் பின்னாடி யார் நின்னா?"

"என் ஃப்ரண்டு மாமா. முந்தானைய சரி பண்ணி வுட்டா."

"அவ கையில இன்னா போட்டிருந்தா?"

இப்படித்தான் அவர் சார்ம் பிரேஸ்லெட்டைக் கண்டுபிடித்தார். போலீஸ்காரர் மாதிரி நேராக ஃபேன்சி கடைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இதயம், சாவி, நட்சத்திரம், பூனை. கட்டைவிரலால் தடவினார். "எல்லா நகையும் போட்டவளைத்தான்டா புடிக்கும். இது பக்கத்துல நிக்கறவளைப் புடிக்குது" என்றார்.

அந்த வருடம் அந்த பிரேஸ்லெட் போடாத பெண் இந்த ஊரில் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர்கள்கூட. கை அசைந்தால் ஆட்டுக்குட்டி நடக்கிற மாதிரி சத்தம் வரும். மாமா வீட்டில் சேலைப் பைகள் குவிந்தன. அவர் மனைவி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. முருகனுக்கு விசேஷமாக ஒரு மாலை போட்டார்.

அந்தச் சிரிப்பு இரண்டு மாதம் இருந்திருந்தால் அதிகம். மாமா தெருமுனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற வருகிற பெண்களை எல்லாம் நிறுத்தினார்.

"கண்ணு, கையைக் காட்டிட்டுப் போ. ரெண்டு நிமிசம்."

"எதுக்கு மாமா?"

"ராவிக் குடுக்கறேன். காசு வேணாம்."

காசு வேண்டாம் என்றதும் வரிசை நின்றது. மாமா ஒவ்வொரு தொங்கலையும் தடவிப் பார்த்து, முனை இருந்த இடத்தையெல்லாம் ராவித் தள்ளினார். இதில் ஒரு கஷ்டம். தொங்கலுக்கு அழகே முனைதானே?

"மாமா, இன்னா மாமா இது! நட்சத்திரத்தைக் குடுத்தா பூவாக்கிட்டீங்க!"

"பூ நல்லாத்தானமா இருக்குது. அஞ்சு இதழு."

இன்னொருத்தி கோபுரம் மாதிரி ஒன்றைக் காட்டினாள்.

"இது இன்னாது, செல்போன் டவரா?"

"ஈபிள் டவர் மாமா. பாரீஸ்ல இருக்குது."

"அங்க பட்டு கட்ட மாட்டாங்க போல, அதான் இப்படி ஊசியா வெச்சிருக்கான்" என்று சொல்லி உச்சியை ராவினார். டவர் ஆட்டுக்கல் மாதிரி ஆகிவிட்டது. பூனைகளுக்குக் காது போயிற்று. வைத்திருந்தவர்கள் பன்றி என்று சொல்லிச் சமாளித்தார்கள். அன்னப்பறவை முட்டை ஆயிற்று. ஒரு மாதத்தில் நம் தெருப் பெண்கள் கையில் எல்லாம் வெவ்வேறு அளவில் உருண்டைகள்தான் தொங்கின. திட்டிக்கொண்டேதான் போட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெருப் பெண்கள் அதைப் பார்த்து, "இது எந்தக் கடை மாடல்? எங்களுக்கும் வேணும்" என்று கேட்க ஆரம்பித்ததும் திட்டு நின்றது.

மாமா வீட்டில் சேலைப் பைகள் குறைந்தன. அவர் மனைவி தெருமுனைக்கு வந்து, நாற்காலியை அவர் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் பிடித்து இழுத்தார்.

"முருகனே பாத்து ஒரு தொங்கலை அனுப்பிச்சான். அதுக்கும் மொட்டை போட்டுட்டியே!"

என் தங்கையின் கையிலும் ஒரு பிரேஸ்லெட் இருந்தது. உங்கள் அத்தைதான். வாலாஜாபாத் தாண்டி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் சம்பளத்தில் அந்தச் சங்கிலியை வாங்கினாள். பிறகு மாதம் ஒரு தொங்கல் சேர்த்தாள். அவளுடைய நாய்க்குட்டி, குதிரை, கப்பல் எல்லாவற்றையும் மாமா உருண்டையாக்கிவிட்டார். அதோடு விடவில்லை. "ஊக்குதான்மா எமன். மாட்டிக் கழட்டற கொக்கிதான் முதல்ல இழுக்கும்" என்று சொல்லி, குறட்டால் அந்த ஊக்கையே நசுக்கி மூடிவிட்டார். பிறகு அதைக் கையிலிருந்து கழற்றவே முடியாது. குளித்தாலும் தூங்கினாலும் கையிலேயே கிடந்தது. "வளையல்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார் மாமா.

இந்த நிலைமையில்தான் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் வந்தது.

உங்கள் அம்மாவின் முகூர்த்தச் சேலையை உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, தானே தறியில் உட்கார்ந்து நெய்தார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. பதினெட்டு நாள். வேறு யாரையும் தறியில் உட்காரவிடவில்லை. கூலிக்கு எத்தனையோ சேலை நெய்தவர், தன் வீட்டுக்கு என்று நெய்த ஒரே சேலை அது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கள் அத்தை புதுத் தொங்கல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். அண்ணன் கல்யாண ஞாபகமாக ஒரு ஜோடிப் புறா. அலகோடு அலகு ஒட்டிக்கொண்டு அழகாக இருந்தது. மாமாவிடம் மட்டும் காட்டவில்லை. காட்டினால் அலகு போய்விடும், புறா இரண்டு கடலையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவதற்கு முன்னால், உங்கள் அத்தை பின்னால் நின்று தோள் மடிப்பைச் சரிசெய்தாள். சரிசெய்துவிட்டுக் கையை எடுத்தாள். கை வரவில்லை. இரண்டு புறாவும் உங்கள் அம்மாவின் இடது தோளுக்குப் பின்னால், சரிகையோடு சேர்த்து ஏழெட்டு இழைகளைக் கவ்விக்கொண்டு இருந்தன.

"கழட்டுடி" என்றாள் என் அம்மா.

"கழலாதும்மா. மாமா ஊக்கை நசுக்கிட்டாரு."

அறைக்குள் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பெரியப்பா, "பிளேடு கொண்டாங்கடா, ஒரே அறுப்பு" என்றார். உங்கள் தாத்தா அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்குக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"தாலி ஏறாத சேலையில பிளேடு பட்டுதுன்னா நான் இந்த மண்டபத்துல இருக்க மாட்டேன்."

"அப்ப சங்கிலிய வெட்டு."

"ஐயோ, வேணாம் பெரியப்பா! என் முதல் சம்பளம்!" என்று உங்கள் அத்தை அழ ஆரம்பித்தாள். அவள் அழ அழக் கை ஆடியது. கை ஆட ஆட இழை நீண்டது. உங்கள் அம்மா மூச்சுகூட விடாமல் நின்றாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். அசைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று வெளியிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார்.

இழை மாமாவைப் பந்தியிலிருந்து பாதி இட்லியோடு எழுப்பிக் கூட்டிவந்தார்கள். வந்தவர் சேலையைப் பார்த்தார். உடனே திரும்பிக் குழாயடிக்குப் போய்விட்டார். சோப்புப் போட்டு ஒரு தடவை கை கழுவினார். மோந்து பார்த்தார். சாம்பார் வாசனை இருந்தது போல. இன்னொரு தடவை கழுவினார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பெரியப்பா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெக் கையால பட்டைத் தொடச் சொல்றியா?" என்றார் மாமா.

பிறகு வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். புறாக்களை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். உங்கள் அத்தையை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சங்கிலிய வெட்டிடலாமா மாமா?" என்று, கூச்சல் கேட்டு மணவறையிலிருந்து ஓடிவந்திருந்த நான் கேட்டேன்.

"குறடு வெச்சு நசுக்கற அதிர்ச்சியிலயே நாலு இழை போவும் மாப்ள. எடுக்கலாம். அரை மணி நேரம் குடு."

"பத்து நிமிஷம்கூட இல்லையே!"

இழுத்த இழையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அவர் கை இரண்டு தடவை ஊசியை எடுத்தது, இரண்டு தடவை திரும்ப வைத்தது. ஓர் இழுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு உங்கள் அத்தையிடம் கேட்டார்.

"கண்ணு, கையை அசைக்காம விரலை மட்டும் நீட்டு. பொண்ணு கழுத்து எட்டுதா?"

"எட்டுது மாமா."

"இன்னொரு கையும் எட்டுதா?"

"எட்டுது."

"அப்ப இன்னா பிரச்சனை? மாப்ள ஒரு முடிச்சு போட்டா மிச்ச ரெண்டு முடிச்சு நாத்தனார்தான போடணும்? நாத்தனார் கை இருக்கவேண்டிய எடத்துலதான் இருக்குது. நடங்க."

அப்படித்தான் மணவறைக்கு வந்தார்கள். முன்னால் உங்கள் அம்மா, அவள் தோளில் ஒட்டிக்கொண்டு உங்கள் அத்தை, இருவருக்கும் நடுவில் குனிந்தபடி, இரண்டு விரலால் சேலையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு இழை மாமா. மூன்று பேரும் ஒரே ஆளைப் போல அடி எடுத்து வைத்தார்கள். வந்திருந்தவர்கள் ஏதோ புதுச் சடங்கு என்று எழுந்து நின்றார்கள்.

போட்டோகிராபர், "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார்.

"தள்ளினா இழை போவும்பா. நீ எடு."

நான் தாலி கட்டும்போது என் முழங்கைக்குக் கீழே அவர் வழுக்கைத் தலை இருந்தது. "மெதுவா மாப்ள, எகிறாத" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்டிமேளத்துக்கு நான் துள்ளிவிடுவேன் என்று அவருக்குப் பயம். உங்கள் அத்தை அழுத கண்ணோடு இரண்டு முடிச்சையும் போட்டாள்.

அதன் பிறகு அவர் அங்கேயே, பெண்ணுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். அட்சதை அவர் மேலும் விழுந்தது. மொய் எழுத வந்த ஒரு பாட்டி அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். ஒவ்வொரு இழையாகப் புறா வாயிலிருந்து வாங்கினார். உங்கள் அத்தையின் கை விடுதலையாகும்போது அது மரத்தே போயிருந்தது. வெளியே வந்த இழைகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினார். ஒரே ஒரு சரிகை இழை பாக்கி இருந்தது, சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு வளையம். அப்போது பார்த்து அம்மி மிதிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு அருந்ததி, பிறகு சாப்பாடு, பிறகு நல்ல நேரம் முடிவதற்குள் காரில் ஏறு என்றார்கள். கார் கிளம்பியபோது அவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"அம்மா, ஒரு இழை! ஒரே ஒரு இழை!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். என் அம்மா திறந்தாள்.

"மாமா, பொண்ணு மாப்பிள்ள இன்னும் எந்திரிக்கல."

"எந்திரிக்க வேணாம்மா. சேலை மட்டும் போதும்."

சேலையைக் கொடுக்க முடியவில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தின நாள் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றியதுமே உங்கள் அம்மா அந்த வளையத்தைப் பார்த்தாள். மறுவீட்டுக்குப் போனால் தன் அப்பா சேலையைப் பிரித்துப் பார்ப்பார், பார்த்தால் மனம் உடைந்துவிடுவார் என்று நினைத்தாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்தாள். தானே அந்த இழையை உள்ளே அனுப்பிவிட்டாள். நெசவுக்காரர் மகளுக்கு அது தெரியாதா?

"அதை அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? அவ்ளோ பெரிய வேலைக்காரர். நான் போயி, நீங்க வேணாம் மாமா, ஹேர்பின்லயே எடுத்துட்டேன்னா அவர் மூஞ்சி இன்னா ஆவும்?"

அதனால் கதவுக்குப் பின்னாலிருந்து, "இருக்கட்டும் மாமா, ஆடிக்குப் பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஒரு பொய் ஆறு வருடம் ஓடியது.

ரேஷன் கடை வரிசையில் பார்ப்பார். "அந்த இழை?" கருட சேவைக் கூட்டத்தில், எல்லோரும் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும். "அந்த இழை இன்னாம்மா ஆச்சு?" பெரியவளே, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். உன்னைப் பார்த்து, "லட்சணமா இருக்குது" என்றார். உன் நகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு உன் அம்மா பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். "சேலை பீரோல பத்திரமா இருக்குதா? அந்தப் பக்கமா மடிக்காதம்மா, வளையம் நீளும்." உன் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குள் அந்த பிரேஸ்லெட்டின் காலம் முடிந்துவிட்டது. எங்கள் கல்யாணக் கதை ஊர் முழுக்கப் பரவி, "கையில தொங்கல் போட்டா நாத்தனார் ஒட்டிக்குவா" என்று பெண்ணைப் பெற்றவர்கள் பயந்தது ஒரு காரணம். ஃபேன்சி கடைக்காரர் வழக்கம்போல வந்து கேட்டார். "ரெண்டு மாசமா தோள்ல ஒண்ணும் வரலபா. தொங்கல் முடிஞ்சுது" என்றார் மாமா. அடுத்த வாரம் பிரேஸ்லெட்டுகள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கி, கடை வாசலில் பிளாஸ்டிக் கூடைக்கு வந்தன. அடுத்து கலர் கலராக ரப்பர் பட்டை வந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "தங்கம்பா இது, தங்கம்" என்றார் மாமா. அவர் மனைவி அன்று முருகனோடு பேசவில்லை.

பிறகு மாமாவின் கண்ணில் புரை விழுந்தது. ஊசி இடம் தவறியது. சேலை வாங்குவதை அவராகவே நிறுத்திவிட்டார். ஒரு வருடம் சும்மா இருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய முதல் நாள், பால் பூத்தில் உங்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு இப்ப பளிச்சுனு தெரியுதும்மா. சாயந்தரம் வர்றேன். சேலையை எடுத்து வை. எல்லா வேலையும் முடிச்சாச்சு, அது ஒண்ணுதான் மனசுல உறுத்திக்கினு இருக்குது."

இந்தத் தடவை சாக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது பீரோ திறந்திருந்தது. முகூர்த்தச் சேலை கட்டிலில் விரிந்து கிடந்தது. உங்கள் அம்மா கையில் ஹேர்பின்னோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பண்ற?"

"அவர் வந்து தேடுவாரு. ஒண்ணும் இல்லன்னா இன்னா பண்ணுவாரு?"

தோளில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முந்தானை ஓரத்தில் ஹேர்பின்னை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் அப்பா நெய்த சேலையில் தானே ஓர் இழையை இழுத்தாள்.

மாமா ஐந்து மணிக்கு வந்தார். கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் சேலையைப் பரப்பினார். நேராக இடது தோள் வருகிற இடத்துக்குப் போனார். விரலில் சுற்றிய பட்டால் தடவினார். நின்றார். திரும்பத் தடவினார். சேலையை ஜன்னல் பக்கம் இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உங்கள் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவர் விரல் மெல்ல நகர்ந்து நகர்ந்து முந்தானைக்கு வந்தது. அங்கே அந்த வளையம் இருந்தது. ஊசியை எடுத்தார். ஐந்தே நிமிடம். முடிந்தது.

காபி கொடுத்தோம். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"தோள்ல இருந்ததை எப்பம்மா எடுத்த?"

உங்கள் அம்மா தரையைப் பார்த்தாள். "அன்னைக்கேதான் மாமா."

"அன்னைக்கேவா?"

"எங்கப்பா பாத்துடுவாரேன்னு."

மாமா மிச்சக் காபியைக் குடித்தார். டம்ளரை வைத்தார். ஆறு வருடம் தூங்க விடாமல் செய்துவிட்டாயே என்று கத்தப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"சரிகை நசுங்கவே இல்ல. எந்த எடம்னு கண்டுபுடிக்க எனக்கே இவ்ளோ நேரம் ஆச்சு" என்றார். பிறகு முந்தானையைக் காட்டினார். "இது இன்னைக்கு இழுத்தது. அதுவும் தெரியுது. இழை இன்னும் பளபளன்னு இருக்குது."

"மன்னிச்சிருங்க மாமா."

"எதால எடுத்த அன்னைக்கு?"

"ஹேர்பின்."

"இன்னைக்கு இழுத்தது?"

"அதே மாதிரி ஹேர்பின்தான் மாமா."

அவர் பையைத் திறந்து அரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டினார்.

"அதைக் கொண்டாம்மா பாக்கலாம். முனையில பிசிறு இருக்கும் போல."